இல்லினாய்ஸ் கம்ப்ட்ரோலர் தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவில் நவம்பர் தேர்தலுக்கு வாக்குச்சீட்டை வாங்கினால் கை வலிக்கும். ஆளுநர், செனட்டர் எல்லாம் முடிந்தபிறகும் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். நீதிபதிகள் பெயரே பக்கக்கணக்கில் வரும். அந்தக் கூட்டத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு பதவி, மாநில கம்ப்ட்ரோலர். 2016-ல் இந்தப் பதவிக்கு நடந்த சிறப்புத் தேர்தலை வைத்துக்கொண்டு பலரும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அமெரிக்காவில் வேறு பல மாநிலங்களிலும் இப்படி ஒருவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இல்லினாய்ஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்தப் பதவி எதற்கு என்பது அங்கேதான் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

கம்ப்ட்ரோலர் என்னதான் செய்வார்?

மாநில அரசின் கணக்குப் புத்தகம் அவரிடம் இருக்கும். அரசு கொடுக்க வேண்டிய ஒவ்வொரு தொகைக்கும் "கொடு" என்று உத்தரவு போடுபவரும் அவரே. ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்குப் போகும் பெருந்தொகையானாலும், சிறைச்சாலைக்கு ரொட்டி சப்ளை செய்தவரின் பில்லானாலும், அவர் அலுவலகத்தைத் தாண்டித்தான் போகவேண்டும்.

எவ்வளவு செலவு செய்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அது சட்டமன்றமும் ஆளுநரும் பார்க்கும் வேலை. வரி போடுவதும் அவர் கையில் இல்லை. கையில் காசு தாராளமாக இருக்கும் காலத்தில் இது கிட்டத்தட்ட ஒரு குமாஸ்தா வேலை. காசு பற்றாத காலத்தில், யாருக்கு முதலில் கொடுப்பது, யாரைக் காக்க வைப்பது என்ற கேள்வி அவர் மேசைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தத் தேர்தலை நாம் கவனிக்கவேண்டும் என்பது என் வாதம்.

மாநிலப் பொருளாளர் என்று இன்னொருவரும் இருக்கிறாரே?

இருக்கிறார். அவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பதும் முதலீடு செய்வதும் அவர் பொறுப்பு. கம்ப்ட்ரோலர் உத்தரவு போட்டால்தான் அவர் பணத்தை விடமுடியும். சாவி ஒருவரிடம், பெட்டி இன்னொருவரிடம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பழைய திருட்டு இருக்கிறது. 1970-க்கு முந்தைய அரசியல் சட்டத்தில் "பொதுக் கணக்குத் தணிக்கையாளர்" என்று ஒரு பதவி இருந்தது. 1952-ல் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் குடியரசுக் கட்சியின் ஓர்வில் ஹாட்ஜ். வசீகரமான ஆள், கட்சியில் அடுத்த ஆளுநர் வேட்பாளர் என்றுகூடப் பேச்சு இருந்தது. அரசோடு வியாபாரம் செய்தவர்கள் பெயரில் அவர் அலுவலகத்தில் பொய்யாக செக்குகள் தயாராகும். பெயருக்கு உரியவர்களுக்கு விஷயமே தெரியாது. சிகாகோவில் ஒரு வங்கியில் அவை பணமாக மாறும். இப்படி 15 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார். 1950-களின் 15 லட்சம்! விமானம், வரிசையாகக் கார்கள் என்று வாழ்ந்தார்.

1956-ல் சிகாகோ டெய்லி நியூஸ் நிருபர் ஜார்ஜ் தீம் இதைத் தோண்டியெடுத்தார். ஜூலையில் ஹாட்ஜ் பதவி விலகினார், ஆகஸ்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், சிறைக்குப் போனார். அந்தப் பத்திரிகைக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

செக் எழுதும் அலுவலகமே கணக்கையும் சரிபார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று எல்லோருக்கும் புரிந்தது. 1970-ல் புதிய அரசியல் சட்டம் எழுதியபோது பழைய பதவியை ஒழித்தார்கள். கணக்கெழுதி உத்தரவு போட கம்ப்ட்ரோலர். அவருக்கு நான்கு ஆண்டுப் பதவிக்காலம், மக்கள் தேர்தல். தணிக்கைக்குத் தனியாக ஓர் ஆடிட்டர் ஜெனரல். அவரைச் சட்டமன்றம் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோடு பத்து ஆண்டுக்கு நியமிக்கும்.

நம் ஊர் சிஏஜி மாதிரியா?

இல்லை. சிஏஜி செலவு முடிந்தபிறகு கணக்கைப் பார்த்து அறிக்கை கொடுப்பவர். குடியரசுத் தலைவர் நியமிப்பவர். இல்லினாய்ஸில் அந்த வேலை மேலே சொன்ன ஆடிட்டர் ஜெனரலுடையது. தமிழ்நாட்டில் கம்ப்ட்ரோலருக்கு நேர் ஜோடி கிடையாது. நிதித்துறை, கருவூலம், சம்பளக் கணக்கு அலுவலகம் என்று அதிகாரிகள் பகிர்ந்து செய்யும் வேலையின் ஒரு துண்டுக்கு அங்கே ஒருவர் சுவரொட்டி அடித்து, விளம்பரம் கொடுத்து, வாக்கு கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யார் போட்டியிடலாம்?

25 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகன். தேர்தலுக்கு முன் மூன்று ஆண்டுகள் மாநிலத்தில் வசித்திருக்கவேண்டும். கணக்குப் படிப்பு தேவையில்லை. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது, எனக்கு இல்லை. கூட்டல் கழித்தலுக்கு அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். வாசலில் வந்து நிற்கும் கடன்காரர்களுக்கு மத்தியில் முடிவெடுக்கத்தான் ஆள் வேண்டும்.

2016-ல் ஏன் திடீரென்று சிறப்புத் தேர்தல் வந்தது?

ஜூடி பார் டோபிங்கா என்பவர் கம்ப்ட்ரோலராக இருந்தார். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சியினருக்கும் பிடித்தவர். மேடையில் அக்கார்டியன் வாசிப்பார், மனதில் பட்டதைப் பளிச்சென்று சொல்வார். அதற்கு முன் மூன்று முறை மாநிலப் பொருளாளர். 2014 நவம்பர் தேர்தலில் மறுபடி ஜெயித்தார். டிசம்பர் 10 அன்று பக்கவாதத்தால் இறந்துபோனார். பழைய பதவிக்காலம் முடிய ஒரு மாதம் பாக்கி. புதிய நான்கு ஆண்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அதே தேர்தலில் ஆளுநர் பாட் க்வின் தோற்றிருந்தார். ஜெயித்த புரூஸ் ரவுனர் ஜனவரி 12 அன்றுதான் பதவியேற்க வேண்டும். ஆக, போகிற ஆளுநர் ஜனநாயகக் கட்சி, வருகிற ஆளுநர் குடியரசுக் கட்சி, நடுவில் ஒரு காலி நாற்காலி. க்வின் மிச்சமிருந்த நாட்களுக்கு ஜெர்ரி ஸ்டெர்மரை நியமித்தார். புதிய பதவிக்காலத்துக்கு ரவுனர் லெஸ்லி மங்கரை நியமித்தார். மங்கர் யூனிலீவர் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அதே நவம்பரில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றவர்.

காலியிடத்தை ஆளுநர் நிரப்பலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அடுத்தவர் எப்போது தேர்ந்தெடுக்கப்படவேண்டும் என்பதைச் சாதாரணச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியில் ஜனநாயகக் கட்சி புகுந்தது. க்வின் பதவியில் இருந்த கடைசி வாரத்தில் சிறப்புக் கூட்டம் கூட்டி, 28 மாதத்துக்கு மேல் பதவிக்காலம் பாக்கியிருந்தால் அடுத்த பொதுத்தேர்தலிலேயே மக்கள் முடிவு செய்யவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். க்வின் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் போனார்.

நியாயமா? நியமனம் பெற்றவர் நான்கு ஆண்டு உட்காருவதைவிட மக்களைக் கேட்பது மேல் என்ற வாதம் சரிதான். ஆனால் ஆளுநர் அவர்கள் கட்சிக்காரராக இருந்திருந்தால் இந்த அவசரம் வந்திருக்குமா என்று குடியரசுக் கட்சியினர் கேட்டதிலும் தப்பில்லை.

அப்போது மாநிலத்தில் என்ன பிரச்சினை?

பட்ஜெட்டே இல்லை. 2015 ஜூலை 1 அன்று நிதியாண்டு பிறந்தது. ரவுனருக்கு, தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்துவது போன்ற தன் நிபந்தனைகள் நிறைவேறவேண்டும். கீழவைத் தலைவர் மைக் மேடிகன், பல பத்தாண்டுகளாக அந்த நாற்காலியில் இருந்தவர், முடியாது என்றார். இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டதில் 2017 ஜூலை 6 வரை, இரண்டு ஆண்டுக்கு மேல், முழு பட்ஜெட் இல்லாமல் மாநிலம் ஓடியது. அமெரிக்க மாநிலங்களில் இப்படி நீண்டகாலம் நடந்தது அபூர்வம்.

லாட்டரி கதையைச் சொன்னால் நிலைமை புரியும். இல்லினாய்ஸில் லாட்டரி மாநில அரசு நடத்துவது. 25,000 டாலருக்கு மேல் பரிசு விழுந்தால் செக் கம்ப்ட்ரோலர் அலுவலகத்திலிருந்து வரவேண்டும். பட்ஜெட் இல்லாததால் செக் எழுத அனுமதி இல்லை. பரிசு விழுந்தவர்கள் சீட்டோடு போனால், பிறகு தருகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். 2015 அக்டோபருக்குப் பிறகு 600 டாலருக்கு மேற்பட்ட பரிசுகளும் நின்றன. ஆனால் சீட்டு விற்பனை மட்டும் நிற்கவில்லை! ஜெயித்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசம்பரில் தனிச்சட்டம் போட்டபிறகுதான் பணம் வந்தது.

இது சிரிக்கும்படியான பகுதி. சிரிக்க முடியாதவை வேறு. முதியோருக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும் அரசு ஒப்பந்தத்தில் சேவை செய்துவந்த லூத்தரன் சோஷியல் சர்வீசஸ் என்ற அமைப்பு, அரசு பாக்கி வராததால் 2016 ஜனவரியில் 750 பேரை வேலையிலிருந்து நிறுத்தி, 30 திட்டங்களை மூடியது. சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடி என்று அறிவித்து ஆட்குறைப்பு செய்தது.

பட்ஜெட் இல்லையென்றால் எல்லாமே நின்றிருக்க வேண்டுமே?

அதுதான் இல்லை. கடன் பத்திரத் தவணைக்குத் தொடர் ஒதுக்கீடு சட்டத்திலேயே இருந்தது. பள்ளிகளுக்குத் தனியாக நிதி நிறைவேறியது. அரசு ஊழியர் சம்பளத்தை நிறுத்தக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு மருத்துவச் செலவு, குழந்தைகள் நலம் எல்லாம் பழைய வழக்குகளின் தீர்ப்பால் ஓடின. செலவின் பெரும்பகுதி தானாக நடந்தது, வருமானம் மட்டும் போதவில்லை. தங்களுக்குச் சாதகமாக நீதிமன்ற உத்தரவு இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அப்படியானால் வரிசை கம்ப்ட்ரோலர் இஷ்டமா?

முழுக்க இல்லை. நீதிமன்றம் சொன்னவை, கடன் தவணை, சம்பளம் முதலில். அதற்குப்பின் மிஞ்சுவதில் அவர் சொந்தமாக முடிவெடுக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது. "இந்த வாரம் பணம் வராவிட்டால் கதவை மூடுகிறோம்" என்று ஒரு முதியோர் இல்லம் போன் செய்தால், அந்த பில்லை முன்னால் இழுக்கலாம். காப்பி இயந்திரம் வாடகைக்கு விட்டவரைக் காக்க வைக்கலாம்.

காக்க வைப்பதும் சும்மா இல்லை. 90 நாள் தாண்டினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி கொடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. ஆண்டுக்கு 12 சதவீதம், கந்துவட்டிக்கு அண்ணன் தம்பி. நிலுவை ஏற ஏற வட்டி மட்டுமே 100 கோடி டாலரைத் தாண்டியது.

நிலைமை எவ்வளவு முற்றியது என்றால், 2017 ஜூன் கடைசியில் மெடிக்கெய்டு பில்களுக்காக மாதம் 58.6 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று ஒரு மத்திய நீதிபதி உத்தரவிட்டார்.

சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தையே நிறுத்தினார்களாமே?

நிறுத்தவில்லை, வரிசையில் நிற்க வைத்தார்கள். 2016 ஏப்ரலில் மங்கர் ஓர் அறிவிப்பு செய்தார்: 177 சட்டமன்ற உறுப்பினர்களும், ஆளுநர் முதல் தன்வரை மாநில அளவில் பதவியில் இருப்பவர்களும், மற்ற பில்காரர்களைப் போலவே காத்திருக்கட்டும். குறைந்தது இரண்டு மாதத் தாமதம்.

பணக்கணக்கில் பார்த்தால் இது கடலில் ஒரு சொம்புத் தண்ணீர். அரசியலாகப் பார்த்தால் அந்தத் தேர்தலின் சிறந்த காய் நகர்த்தல். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது. சில உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள்; 2017-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது.

தேர்தலில் என்ன நடந்தது?

மங்கரை எதிர்த்து ஜனநாயகக் கட்சியில் நின்றவர் சுசானா மென்டோசா. பத்து ஆண்டு சட்டமன்றத்தில் இருந்தவர், அப்போது சிகாகோ நகர கிளார்க் (இதுவும் மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி). முதலில் மாநில செனட்டர் டேனியல் பிஸ்ஸும் களத்தில் இருந்தார், பிறகு விலகிக்கொண்டார். லிபர்டேரியன், பசுமைக் கட்சி வேட்பாளர்களும் இருந்தார்கள்.

பிரசாரத்தில் கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். மங்கர் ரவுனர் கையாள் என்றது ஒரு பக்கம். மென்டோசா மேடிகன் கையாள் என்றது மறுபக்கம். ரவுனர் பெயர் வாக்குச்சீட்டில் இல்லை, மேடிகனுக்கு அவர் தொகுதியில்தான் வாக்கு. அதனால் மாநிலம் முழுவதும் பட்ஜெட் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லக் கிடைத்த ஒரே இடம் இந்தப் பதவிதான். இரண்டு பக்கமும் பணத்தை இறைத்தது அதனால்தான்.

2016 நவம்பர் 8 அன்று மென்டோசா சுமார் 5 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். வாக்கில் பாதியைத் தொடவில்லை. இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். அதே நாளில் அதே மாநிலத்தில் ஹிலரி கிளின்டன் டிரம்பைச் சுமார் 17 சதவீதத்தில் தோற்கடித்தார். அப்படியானால் ஹிலரிக்குப் போட்ட கையாலேயே மங்கருக்கும் போட்டவர்கள் நிறையப் பேர். அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்று நினைக்கிறேன். 2015 ஜனவரியில் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது.

மென்டோசா வந்து என்ன மாறியது?

உடனே ஒன்றும் மாறவில்லை. அவருக்கும் அதே காலி கஜானாதான். 2016 டிசம்பரில் பதவியேற்றார். 2017 ஜூனில், கடன் வாங்குவோரின் நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் போடும் எஸ்&பி நிறுவனம் மாநிலத்தின் கடன் தரத்தைக் குப்பைத்தரத்துக்கு ஒரு படி மேல்வரை இறக்கியது. எந்த மாநிலமும் அவ்வளவு கீழே போனதில்லை. ஜூலையில் சட்டமன்றம் ரவுனரின் வீட்டோவைத் தாண்டி பட்ஜெட்டை நிறைவேற்றி, தனிநபர் வருமான வரியை 3.75-லிருந்து 4.95 சதவீதமாக உயர்த்தியது. ஆனாலும் நவம்பரில் நிலுவை சுமார் 1,670 கோடி டாலரைத் தொட்டது. அதை அடைக்க 600 கோடிக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். 12 சதவீத வட்டிக் கடனை 4 சதவீதத்துக்கும் குறைந்த கடனால் அடைப்பது; வீட்டுக்கணக்கு பார்க்கும் யாரும் செய்வதுதான்.

மென்டோசாவின் சொந்தச் சாதனை என்று நான் சொல்வது வேறொன்று. அதுவரை ஒவ்வொரு துறையும் தன் மேசை டிராயரில் எவ்வளவு பில்லை வைத்திருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை சொன்னால் போதும். கம்ப்ட்ரோலருக்கே மொத்தக் கடன் எவ்வளவு என்று சரியாகத் தெரியாது! அதை மாதாமாதம் சொல்ல வேண்டும் என்று அவர் கொண்டுவந்த சட்டத்தை ரவுனர் தடுத்தார். சட்டமன்றம் 2017-ல் அதையும் மீறி நிறைவேற்றியது.

இன்று பழைய நிலுவை மலை இல்லை. 2021-ல் கடன் தரம் இருபது ஆண்டுக்குப்பின் முதல்முறையாக ஏறியது. அவசர கால நிதியில் 200 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. எல்லாப் புகழையும் அவருக்கே கொடுக்க வேண்டியதில்லை. வரி உயர்வு, கொரோனா காலத்து மத்திய அரசுப் பணம், எதிர்பாராமல் கூடிய வருமானம் எல்லாம் சேர்ந்து வந்தது.

2018, 2022 இரண்டிலும் மென்டோசா சுலபமாக ஜெயித்தார். நடுவில் 2019-ல் சிகாகோ மேயர் தேர்தலில் நின்று முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2026-ல் மறுபடி இந்தப் பதவிக்கு நிற்கப்போவதில்லை என்று 2025 ஜூலையில் அறிவித்தார்.

பொருளாளரையும் கம்ப்ட்ரோலரையும் ஒன்றாக்கினால் என்ன?

டோபிங்காவே அதைத்தான் கேட்டார், தன் பதவியே போகும் என்று தெரிந்தும். அப்போதைய பொருளாளர் டான் ரதர்ஃபோர்டும் சேர்ந்து கேட்டார். ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டாலர் மிச்சம் என்றார்கள். டெக்சாஸ் 1990-களில் பொருளாளர் பதவியை எடுத்துவிட்டு கம்ப்ட்ரோலரோடு சேர்த்துவிட்டது. இல்லினாய்ஸில் அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும், அது மக்கள் வாக்கெடுப்புக்குப் போகவேண்டும். இன்னும் அங்கே எட்டவில்லை. ஹாட்ஜ் கதையைப் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் அவசரமும் இல்லை.

தமிழர் யாராவது இந்தப் பதவிக்கு நின்றிருக்கிறார்களா?

ராஜா கிருஷ்ணமூர்த்தி. டெல்லியில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போய், இல்லினாய்ஸின் பியோரியாவில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மாநிலத்தின் துணைப் பொருளாளராக இருந்துவிட்டு, 2010-ல் ஜனநாயகக் கட்சியின் கம்ப்ட்ரோலர் வேட்பாளராவதற்கு உட்கட்சித் தேர்தலில் நின்றார். டேவிட் மில்லரிடம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். அந்த மில்லர் நவம்பரில் டோபிங்காவிடம் தோற்றார். கிருஷ்ணமூர்த்தி 2016 நவம்பர் 8 அன்று, மென்டோசா ஜெயித்த அதே நாளில், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கம்ப்ட்ரோலர் ஒருவர் குதிரை வாங்க ஐந்து கோடி டாலர் திருடினாரே, அது இந்தப் பதவியா?

இல்லை. அது ரீட்டா கிரண்ட்வெல், டிக்சன் என்ற சிற்றூரின் நகராட்சி கம்ப்ட்ரோலர், நியமனப் பதவி. இருபது ஆண்டில் 5.3 கோடி டாலருக்கு மேல் எடுத்து, கண்காட்சியில் விடும் குவார்ட்டர் இனக் குதிரைகளை வளர்த்தார். 2012-ல் மாட்டினார். மாநிலம் வேறு, நகராட்சி வேறு.

கல்லறைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

வேடிக்கையான சம்பந்தம். இறுதிச்சடங்குக்கும் கல்லறைப் பராமரிப்புக்கும் மக்கள் முன்கூட்டியே கட்டும் பணம் அறக்கட்டளை நிதியில் பத்திரமாக இருக்கிறதா என்று கண்காணிப்பதும் இல்லினாய்ஸ் கம்ப்ட்ரோலர் அலுவலகம்தான். தேர்தல் மேடையில் யாரும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

நான் இல்லினாய்ஸில் இருக்கிறேன். வாக்களிக்கலாமா?

குடியுரிமை இருந்தால் மட்டும். கிரீன் கார்டு, ஹெச்1பி இருப்பவர்கள் வாக்காளராகப் பதிவே செய்யக்கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது வாக்காளர் பதிவு பற்றியும் கேட்பார்கள்; அவசரத்தில் தலையாட்டிவிட்டால் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலி. குடிமக்கள் வாக்குப்பதிவு நாளன்றுகூடப் பதிவு செய்துகொண்டு வாக்களிக்கலாம், முகவரிச் சான்று உட்பட இரண்டு அடையாள ஆவணங்கள் வேண்டும். உட்கட்சித் தேர்தலில் முன்கூட்டிக் கட்சியில் சேரத் தேவையில்லை. எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று அங்கே கேட்டால் கொடுப்பார்கள்.

வாக்கு இல்லாதவர்களும் கணக்கைப் பார்க்கலாம். இன்றைய நிலுவை எவ்வளவு, எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த அரசு ஊழியருக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் கம்ப்ட்ரோலரின் இணையதளத்தில் திறந்தே கிடக்கிறது.